தென்காசி பஸ்ஸின் பின்னால்

தென்காசி பஸ் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து கிளம்பியபோது சங்கரநயினார் ஒரு பழக்கடையின் மறைவில் பைக்கை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் பொண்டாட்டி ஆவுடை ஏறிவிட்டாள். ஏறியதை அவன் கண்ணால் பார்த்தான். படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள், கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போயிற்று, பின்னால் கூடையோடு வந்த அம்மாள் ஒருத்தி "ஏறு தாயி, என்னத்துக்கு மலைச்சுப்போய் நிக்க" என்று முதுகில் கை வைத்ததும் ஏறினாள். நடுவில் ஒரு ஜன்னலோரம் கிடைத்தது. நீலச் சேலையின் முந்தானை ஜன்னலுக்கு வெளியே படபடத்தது, அதை உள்ளே இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான், பஸ் திரும்பிவிட்டது. பேட்டை வரைக்கும் போவோம், பேட்டையைத் தாண்டிவிட்டாளென்றால் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். தான் செய்வது சரியில்லை என்று அவனுக்குத் தெரியும். காலையில் தோசை சுட்டுக்கொண்டே அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "நீங்க கூட வந்தீங்கன்னா அது நான் போனதா ஆவாதுங்க. என்னக் கூட்டிட்டுப் போனதாத்தான் ஆவும்." அவனும் சரி என்றான், பாளையங்கோட்டையில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் பிரீஸர் மக்கர் பண்ணுகிறது, அதைப் பார்க்கப் போகிறேன் என்றான். பிரீஸர் மக்கர் பண்ணுவது பொய்யில்லை. ஆனால் பாளையங்கோட்டை கிழக்கே இருக்கிறது, அவன் மேற்கே போய்க்கொண்டிருந்தான். அவள் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, தென்காசிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். உலகத்தில் எந்தப் பொம்பிளையும் போய்விட்டு வரும் தூரம். பேட்டையைத் தாண்டி அவள் தனியாகப் பஸ்ஸில் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பேட்டை வந்தது, போனது, அவன் திரும்பவில்லை. சாரல் போட ஆரம்பித்திருந்தது, ஹெல்மெட் கண்ணாடியில் பொடிப்பொடியாக நீர் விழுந்து பஸ்ஸின் பின்பக்கம் கலங்கலாய்த் தெரிந்தது, துடைத்தால் தெளியும், மறுபடி கலங்கும். அவளுக்கு இந்தப் பயம் எதனால் வந்தது? இந்தக் கேள்வி அவனை இரண்டு வருஷமாக விடவில்லை. பிரிட்ஜ் குளிராமல் போனால் காரணம் இருக்கும், கேஸ் கசியும், இல்லை கம்ப்ரஸர் போயிருக்கும், இல்லை ஒரு ஒயரை எலி கடித்திருக்கும், தேடினால் கிடைக்கும், கிடைத்தால் சரி பண்ணலாம், அதுதானே அவன் பிழைப்பு. ஆனால் இவள் விஷயத்தில் எதை என்று தேடுவது? இவள் யார்? ஆம்புலன்ஸில் எட்டு வருஷம் முதலுதவி பார்த்தவள். லாரி கவிழ்ந்து கிடந்த இடத்தில் ஆம்பிளைகள் எல்லாம் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நிற்க, சேலை முந்தானையை, இல்லை, அன்றைக்குச் சேலை கிடையாது, யூனிபார்ம், அந்த யூனிபார்மோடு உடைந்த கண்ணாடி வழியாகத் தலையைக் கொடுத்து உள்ளே போனவள். டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, என் மூஞ்சியப் பாருங்க, கீழ பாக்காதீங்க, உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்கா சொல்லுங்க" என்று அந்த மனுஷனை வெளியே எடுக்கிற வரைக்கும் பேசவைத்தவள். குற்றாலம் போகிற வழியில் ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளைக்கு மூக்கு எப்படி இருந்தது தெரியுமா என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போனவள். அப்படிப்பட்டவளுக்குப் பயம் எந்த வழியாக வந்தது? அதுவும் அந்த மாதிரி ஒரு நாளில் வந்திருந்தால் புரியும். வந்தது ஒன்றுமில்லாத ஒரு நாளில். இதே ரோடு, இதே மாதிரி ஒரு பஸ், லீவு நாள், மடியில் முறுக்குப் பொட்டலம். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டதாம், மூச்சு உள்ளே போகமாட்டேன் என்றதாம், விரல் நுனியெல்லாம் மரத்துப்போனதாம், செத்துப்போகப் போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்ததாம். ஆலங்குளத்துக்கு முந்தி பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். கூட வேலை பார்த்த டிரைவர் அண்ணாச்சியே வண்டியைக் கொண்டுவந்து அவளை ஏற்றிப் போனார். அவள் எத்தனையோ பேரைப் படுக்கவைத்த படுக்கையில் அவளே படுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு இருதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவனுக்கு அந்த வார்த்தையில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நன்றாக இருக்கிற ஒன்று ஏன் அப்படி அடித்துக்கொண்டது?

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது, அவனும் தூரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றான், இறங்குகிறவர்களை எட்டிப் பார்த்தான், நீலச் சேலை இல்லை, பஸ் கிளம்பியது, கிளம்பினான். ஆஸ்பத்திரிக்குப் போன அந்த நாளுக்குப் பிறகு அவளுக்குப் பஸ் என்றால் முடியாது, அப்புறம் ஆம்புலன்ஸ் முடியாது, அப்புறம் சந்தை, அப்புறம் கோயில் கூட்டம், கடைசியில் தெருமுனைப் பால் பூத். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். செத்தவங்களைத் தொட்டுத் தொட்டு ஏதோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பொம்பிளைக்கு எதுக்கு அந்த மாதிரி வேலை என்றார் அவனுடைய சித்தப்பா. மனநல டாக்டரிடம் போவோம் என்று முதலில் சொன்னது ஆவுடைதான், அவன் இல்லை. "நான் எத்தன பேர இழுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கேன், எனக்குன்னா மட்டும் வீட்டுல இருக்கணுமாக்கும்?" என்று கேட்டாள். டாக்டர் பெனிட்டா அவன் வயசுதான் இருப்பார். ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொன்னார், அதுவும் கூடிப்போனால் இப்படி நெஞ்சு படபடக்குமாம். அதில் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை டீ, தூக்கம் எப்படி, ராத்திரி டியூட்டி எத்தனை வருஷம், இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். டீயா? அந்த வேலையில் சோற்றுக்குப் பதில் டீதான். பிறகு வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். இல்லை என்று அவன் முந்திக்கொண்டு சொன்னான். ஆவுடை "எங்கப்பாவுக்கு உண்டு டாக்டர்" என்றாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். மாமனார் தபால் ஆபீஸில் இருந்தவர், தங்கமான மனுஷன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரக் கொஞ்சம் பிந்தினாலும் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்துவிடுவார், இடி இடித்தால் எல்லாரையும் ஒரே ரூமில் உட்காரவைப்பார், படுக்கப் போகுமுன் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மறுபடி எழுந்து வந்து இழுத்துப் பார்ப்பார், மறுபடியும் வருவார். ஊரில் அவருக்குப் பாசக்காரர் என்று பேர் என்றாள் ஆவுடை. டாக்டர் சிரித்துவிட்டார். "அந்தப் பாசக்காரர் இன்னைக்கு உங்ககூட வந்திருந்தா அவருக்கும் ஒரு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பேன்" என்றார். ஆவுடையும் சிரித்தாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

அப்படியானால் அதுதான் காரணம் என்று அவன் அங்கேயே பிடித்துக்கொண்டான், அப்பா வழியாக வந்திருக்கிறது, முடிந்தது. முடியவில்லை. டாக்டர் இன்னும் கேட்டார், அவள் இன்னும் சொன்னாள், கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவனிடம் சொல்லாததையெல்லாம் சொன்னாள். சின்ன வயதில் விருந்தாளிகள் வந்தால் போய் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாளாம். ஆறாவது படிக்கும்போது வாய்க்காலுக்குத் துவைக்கப் போன அம்மா காய்ச்சலோடு வந்து படுத்தாள், மறு வாரம் அம்மா இல்லை, அதற்குப் பிறகு யார் வெளியே கிளம்பினாலும் அவர்களுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பாளாம். அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் சமைத்துப் போட்டு, பள்ளிக்கூடம் போய், பயப்பட நேரமில்லாமல் வளர்ந்தேன் டாக்டர் என்றாள். பிறகு வேலை. பிறகு அவன் சவுதிக்கு, தம்மாமுக்குப் போனது. இந்த இடத்தில் வந்ததும் அவன் நினைப்பு எப்போதும் சிக்கிக்கொள்ளும், இப்போதும் சிக்கிக்கொண்டது, முன்னால் ஒரு டிராக்டர் ரோட்டில் ஏறியது, பிரேக்கை அழுத்தினான், பைக் ஈரத்தில் லேசாக வழுக்கி நின்றது. நாலு வருஷம் அங்கே ஏசி மாட்டிக்கொண்டிருந்தான். கைக்குழந்தையோடு இவள் இங்கே தனியாக, ராத்திரி டியூட்டி முடிந்து வந்து பிள்ளையைத் தூக்கி, போனில் ஒரு நாளாவது முடியவில்லை என்று சொன்னாளா? எல்லாம் நல்லாருக்கு, நீங்க ஒழுங்கா சாப்பிடுங்க, அவ்வளவுதான். அவன் அந்த ரூமில் வைத்தே டாக்டரிடம் கேட்டுவிட்டான், "நான் வெளிநாட்டுல இருந்தது காரணமா டாக்டர்?" டாக்டர் உடனே இல்லை என்று சொல்லவில்லை, அது அவனுக்குப் பிடித்திருந்தது. "அதுவும் கொஞ்சம் இருக்கலாம். அவங்க சுபாவம் கொஞ்சம், அப்பாகிட்ட இருந்து கொஞ்சம், அம்மா போனது, பார்த்த விபத்துங்க, தூக்கமில்லாத ராத்திரிங்க. எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சு எடுக்க முடியாது. இதே எல்லாம் நடந்த இன்னொருத்தருக்கு ஒண்ணுமே வராமயும் போகலாம். நீங்க குத்தவாளியைத் தேடாதீங்க, சங்கரநயினார். அவங்க என்ன பண்ணிட்டு இருக்காங்கன்னு பாருங்க."

என்ன பண்ணிக்கொண்டிருந்தாள்? மாத்திரை சாப்பிட்டாள். வாரா வாரம் போய் டாக்டரோடு பேசினாள். அப்புறம் ஒரு நாள் காலையில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பால் பூத்துக்குக் கிளம்பினாள். அவன் மாடியிலிருந்து பார்த்தான். பூத் பக்கத்தில் போய், பால் வாங்காமல், வெறுமனே நின்றாள். ஆட்கள் வந்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள், இவள் நின்றாள். திரும்பி வந்தபோது ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்திருந்தது. "என்ன ஆச்சு?" என்றான். "ஒண்ணும் ஆவல. வந்துச்சு, நான் நின்னேன், அது போயிட்டு" என்றாள், மழை வந்துவிட்டுப் போனதைச் சொல்கிற மாதிரி. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். மறுநாளும் போனாள். அடுத்து கோயில், அடுத்து சந்தை. ஜங்ஷனுக்கு வந்து, நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸில் ஏறி, என்ஜின் ஓடியதும் இறங்கிவிட்டாள், வீட்டுக்கு வந்து அழுதாள். அவன் போதும் ஆவுடை என்றான், என்னத்துக்கு இந்த வேதனை, எங்கே போகணுமோ சொல்லு, நான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அகிலா படித்துக்கொண்டிருந்த ரூமைக் காட்டினாள். அகிலா அவர்களுடைய மகள், நாலாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் டூர் போகிறார்கள், அம்மா வராமல் நான் போகமாட்டேன் என்று அந்த வாரம்தான் அழுதிருந்தது பிள்ளை, நகத்தைக் கடித்துக் கடித்து விரலெல்லாம் சிவந்து கிடந்தது. "அவளுக்கு எங்கிட்ட இருந்து போயிருக்கும். அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாதுங்க. எங்கப்பா எனக்குத் தந்தாரு, நான் அவளுக்குத் தந்துட்டேன். ஆனா பயம் வந்தா என்ன செய்யணும்னு எங்கப்பாவுக்குத் தெரியாது. தாழ்ப்பாளப் போயி இழுத்துப் பாக்கத்தான் தெரியும். இவ என்னப் பாத்துக்கிட்டே இருக்கா. நான் பஸ்ல ஏறணும்" என்றாள். மறுநாள் ஏறினாள். பேட்டையில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள். லாரிக்குள் தலையைக் கொடுத்துப் போனது பெரிசா இது பெரிசா என்று அவன் அன்றைக்குப் படுத்தபடி யோசித்தான். லாரிக்குள் போகும்போது அவளுக்குள் பயமில்லை, வேலை இருந்தது. இதில் ஒவ்வொரு படியிலும் சாவு உட்கார்ந்திருக்கிறது, அவள் அதற்குப் பக்கத்திலேயே காலை வைத்து ஏறுகிறாள். அவன் பார்த்த மனுஷர்களிலே, தம்மாமில் உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவர்களையெல்லாம் சேர்த்துத்தான், இப்படி ஒரு தைரியக்காரியைக் கண்டதில்லை.

ரோட்டின் இரண்டு பக்கமும் வெட்டவெளி வந்துவிட்டது, மேற்கே மலை தெரிய வேண்டிய இடத்தில் மேகம் அடைத்துக் கிடந்தது, பஸ் வேகம் எடுத்தது, அவனும் முறுக்கினான். இப்போது உள்ளே எப்படி இருக்கிறாள்? ஜன்னலைச் சாத்தியிருப்பாளா? சாத்தினால் மூச்சு முட்டும். பக்கத்தில் யார்? கூடைக்காரம்மாவா? நினைவு தப்பினால் யாராவது பிடிப்பார்களா? கண்டக்டரிடம் சொல்லியிருக்கலாம், காலையிலேயே தனியாகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அண்ணாச்சி, நீலச் சேலை, கொஞ்சம் கவனிச்சுக்கிடுங்க. அவன் பஸ்ஸை நெருங்கினான், ஜன்னலை எட்டிப் பார்க்கிற அளவுக்கு நெருங்கினான், எதிரே வந்த கார் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது. அப்போதுதான் கவனித்தான், கை நடுங்கிக்கொண்டிருந்தது. கிளட்சைப் பிடித்த விரல்களில் பிடிமானமே இல்லை. ஹெல்மெட்டுக்குள் காற்றுப் போதவில்லை, நெஞ்சு காதுக்குள் அடித்தது, சாரலிலும் கழுத்து வேர்த்தது. அவள் சொன்ன அத்தனையும், ஒன்றன்பின் ஒன்றாக. அவன் வண்டியை ஓரங்கட்டினான். சீதபற்பநல்லூர் வந்திருந்தது, ஒரு டீக்கடை, கூரைத் தகரத்தில் சாரல் தாளம் போட்டது. ஹெல்மெட்டைக் கழற்றினான். பஸ் நூறடி தூரத்தில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. இப்போது கிளம்பினாலும் பிடித்துவிடலாம். பிடித்து என்ன செய்ய? அவள் படியில் நின்றது இவனை நம்பியா? ஜன்னலுக்குள் முந்தானையை இழுத்துக்கொண்டது இவன் பார்க்கிறான் என்றா? தெருமுனைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவரும் அந்தப் பாசக்கார மனுஷனின் முகம் ஒரு நொடி அவனுக்குத் தெரிந்தது, அது மாமனாரின் முகமாக இல்லை. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. போ, என்று அவன் வாய்விட்டுச் சொன்னான். கால் பைக்கின் பக்கம் திரும்பியது, அதை இழுத்துக்கொண்டுபோய் டீக்கடைப் பெஞ்சில் உட்காரவைத்தான். பஸ் சிறிதாயிற்று, சாரலுக்குள் கலங்கலாயிற்று, இல்லாமல் போயிற்று. இவ்வளவு கஷ்டமான ஒரு காரியத்தை அவன் இதுவரைக்கும் செய்ததில்லை, இதை அவள் எத்தனை மாதமாக ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருக்கிறாள்.

டீ வந்தது, ஆறியது. கடைக்காரர் ஆறின டீயைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். செல்போனை எடுத்து மேஜையில் வைத்தான், எடுத்துப் பையில் போட்டான், மறுபடி மேஜையில் வைத்தான். நெஞ்சடிப்பு தானாக அடங்கியது, அது அடங்கிய விதம் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது, அவன் ஒன்றுமே செய்யவில்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தான். வந்தது, நின்றேன், போயிற்று. ஆலங்குளம் இந்நேரம் வந்திருக்கும். அன்றைக்கு அவளை இறக்கிய இடத்தைப் பஸ் தாண்டியிருக்கும். ஜன்னல் வழியாக அந்த இடத்தைப் பார்த்தாளோ, கண்ணை மூடிக்கொண்டாளோ. போன் அடித்தது. ஆவுடை என்று வந்தது.

"ஏங்க." குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "ஆலங்குளத்துல இறங்கிட்டேன்."

"வந்துட்டுதா?"

"வந்துச்சு. இந்தத் தடவ ரொம்ப. நெஞ்சு வெடிச்சிரும்போல இருந்துச்சு. இறங்கி பஸ் ஸ்டாண்டுல பெஞ்சுல உக்காந்துட்டேன்." அவள் மூச்சு விடுவது கேட்டது. "போயிட்டுங்க. இப்ப கை மட்டும்தான் நடுங்குது."

வாரேன், அங்கனயே இரு, பக்கத்துலதான் நிக்கேன், இந்தா வந்துட்டேன். அத்தனையும் அவன் நாக்கு வரைக்கும் வந்தது. முழுங்கினான். "சரி" என்றான். "சரி ஆவுடை."

"எதிர்த்தாப்ல திருநெல்வேலி பஸ் வந்து நின்னுச்சு. கண்டக்டர் என்னப் பாத்து, ஏறுதியாம்மான்னு கேட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் ஏறல."

கடைக்காரர் பாய்லரில் தண்ணீர் ஊற்றினார், ஆவி எழுந்து அவன் முகத்தில் பட்டது.

"கேக்குதாங்க?"

"கேக்குது."

"அடுத்த தென்காசி பஸ்ல போறேன். நீங்க பாளையங்கோட்டைக்குப் போய்ட்டீங்களா?"

"இல்ல" என்றான். "சீதபற்பநல்லூர்ல நிக்கேன்." ஆறின டீயைத் தள்ளி வைத்தான். "பின்னாலதான் வந்தேன். இதுக்கு மேல வரல ஆவுடை. பஸ்ஸப் போவ விட்டுட்டேன்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தான். கோபப்பட்டாலும் நல்லதுதான் என்று நினைத்தான். போனில் அவளுக்குப் பின்னால் யாரோ தென்காசி, தென்காசி என்று கத்துவது கேட்டது, செருப்புச் சத்தம், அவள் எழுந்துவிட்டாள்போல.

"உங்களுக்கும் நடுங்குச்சா?" என்றாள்.

"நடுங்குச்சு."

"அப்பம் உங்களுக்குத் தெரியும்" என்றாள், சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு குரலில். "பஸ் வந்துட்டுங்க. வைக்கேன்." ஹாரன் சத்தம், யாரோ உள்ள போங்க உள்ள போங்க என்றார்கள், பிறகு ஒன்றுமில்லை.

அவன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் ஆறிப்போன டம்ளரை எடுத்துக் கொட்டிவிட்டு, கேட்காமலே புதுசாக ஒன்று ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். "வீட்டுலயா அண்ணாச்சி? யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லையே? மூஞ்சி ஒரு மாதிரியா இருந்துச்சு, அதான்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றான் சங்கரநயினார். "எம் பொண்டாட்டி தென்காசிக்குப் போயிட்டிருக்கா." பிறகு, அது போதாது என்று தோன்றியதுபோல, "தனியா" என்றான்.

கடைக்காரருக்கு விளங்கவில்லை. "இந்தா இருக்க தென்காசிக்கா?"

"ஆமா" என்றான் அவன், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக. "இந்தா இருக்க தென்காசிக்குத்தான்."